பாட்டு ஊருக்கு, பாக்கி யாருக்கு?

பாடுபடுகிறவன் ஒருவனாகவும் பலனை அனுபவிக்கிறவன் வேறொருவனாகவும் இருப்பது நமது நாட்டில் புதிய சங்கதியல்ல. உழுகிறவனுக்கு நிலமில்லை, நெய்கிறவனுக்குத் துணியில்லை, கோவிலுக்குக் கல் சுமந்தவனுக்கு அந்தக் கோவிலுக்குள் போக வழியில்லாதிருந்தது. இவ்வளவும் தெரிந்த நமக்கு, பாட்டுக் கட்டினவனுக்கு அவன் பாட்டிலேயே இடமில்லை என்று சொன்னால் ஆச்சரியம் உண்டாகாமற் போகலாம். ஆனால் ஆச்சரியம் உண்டாகாமற் போவதுதான் ஆபத்து. அநியாயம் பழகிவிட்டால் அதற்கு வழக்கம் என்று பெயர் வந்துவிடும். வழக்கத்திற்கு வயதாகிவிட்டால் தர்மம் என்று பெயர் வந்துவிடும். ஆதலால் அது பழகிப்போகுமுன் நாலு வார்த்தை பேசிவிடுவது நலமென்று கருதுகிறோம்.

2021ஆம் வருடம் மார்ச்சு மாதம் 7ந் தேதி "என்ஜாய் எஞ்சாமி" என்ற ஒரு பாட்டு யூட்யூப் வழியாக வெளிவந்தது. இது சினிமாப் பாட்டல்ல. கதாநாயகன் ஆடுவதற்காக எழுதப்பட்டதுமல்ல. சினிமாவின் தயவில்லாமல் தன் காலிலேயே நிற்கும் தனிப்பாட்டு. இக்காலத்து வாலிபர்கள் இதை "இண்டி" பாட்டு என்கிறார்கள். பாடினவர்கள் தோழர்கள் தீ, அறிவு ஆகிய இருவர். வார்த்தைகளை எழுதினவர் அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு. இசைத் தயாரிப்பாளர் என்று போடப்பட்ட பெயர் சந்தோஷ் நாராயணனுடையது. படம் பிடித்தவர் அமித் கிருஷ்ணன். வெளியிட்டது ஏ.ஆர்.ரஹ்மான் அவர்களின் ஆதரவோடு தொடங்கின மாஜா என்ற கம்பெனி. அக்கம்பெனியின் தொடக்க வெளியீடுகளில் இது ஒன்று. இதுவரை யூட்யூப்பில் மாத்திரம் 40 கோடித் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டிருக்கிறது. தமிழ் ஒரு வார்த்தையும் அறியாத தேசத்தாரும் இதற்குக் கால் போட்டு ஆடினார்கள்.

ஆடினவர்களில் எத்தனை பேர் இது எதைப்பற்றின பாட்டு என்று கேட்டார்கள்? இது கலியாணப் பாட்டல்ல, காதல் பாட்டல்ல, கடவுள் பாட்டுமல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் முதுகொடியக் கொழுந்து பறித்துவிட்டு, வெறுங்கையோடு தாய்நாடு திரும்பிய வள்ளியம்மாள் என்ற மூதாட்டியின் கதையை அவர் பேரன் அறிவு பாட்டாக்கியது. காட்டை வெட்டித் தோட்டமாக்கினவர்களுக்கு அந்தத் தோட்டத்தில் ஒரு பிடி மண்ணும் சொந்தமில்லை என்பதே அதன் உட்பொருள். ஆகவே, இந்தப் பாட்டு எப்படிச் செய்யப்பட்டது என்று அறிய விரும்புகிறவர்கள் பாட்டுப் பதிவு செய்யும் கண்ணாடி அறைக்குள் எட்டிப்பார்த்தால் போதாது. இராமநாதபுரம் கடற்கரைக்கு வரவேண்டும்.

பாட்டு நடந்து வந்த பாதை

வெள்ளைக்காரத் துரைகள் இலங்கை மலைகளில் முதலில் காப்பியும், 1867க்குப் பிறகு தேயிலையும் பயிரிட்டார்கள். அவர்களுக்குக் கூலியாள் தேவைப்பட்டது. இங்கோ பஞ்சமும் ஜாதியும் சேர்ந்து ஏழைகளை ஊரைவிட்டுத் துரத்திக்கொண்டிருந்தன. கங்காணி வந்து தேங்காய்க்கும் மாசிக்கும் தோண்டும் இடம் இலங்கைதான் என்று ஆசை காட்டினான். திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய இடங்களிலிருந்து ஜனங்கள் கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டார்கள். அவர்களில் பெரும்பங்கு தாழ்த்தப்பட்ட வகுப்பார். ஆரம்ப காலத்தில் தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் கரைகளில் படகேறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே கண்டி மலை வரை நடந்தார்கள். காலராவும் காய்ச்சலும் பசியும் அந்தப் பாதை நெடுகப் பிணங்களை விதைத்தன.

1914ஆம் வருடம் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்டார்கள். சென்னையிலிருந்து வரும் போட் மெயில் கப்பலோடு இணைந்தது. அந்த இருப்புப் பாதையில் இரண்டு விதமான ஜனங்கள் பிரயாணம் செய்தார்கள். ஒரு சாரார், இராமேஸ்வரத்தில் 22 தீர்த்தத்திலும் முழுகினால் செய்த பாவம் கரைந்துபோகும் என்று வந்த புண்ணியவான்கள். மற்றொரு சாரார், ஒரு பாவமும் செய்யாமல், இந்த ஜாதியில் பிறந்ததற்காக மாத்திரம் தண்டனை அனுபவிக்கப் போன கூலிகள். புண்ணியவான்கள் கோவிலுக்குப் போனார்கள். கூலிகளை மண்டபத்திலேயே இறக்கி, இலங்கை சர்க்கார் நடத்திய முகாமில் அடைத்து, அம்மை குத்தி, நோயில்லையென்று சோதித்த பிறகே கப்பலேற்றினார்கள். பாவத்தைக் கழுவ வந்தவனைத் தொட்டுப் பார்க்க ஒருவருமில்லை. பாடுபடப் போகிறவனைத்தான் அழுக்கென்று கழுவினார்கள்!

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்ட ஒரு முறையையும் இங்கே சொல்லவேண்டும். போகிற கூலிக்கு, எந்தத் தோட்டத்தைச் சேர்ந்தவன் என்பதைக் காட்டும் எழுத்தும் எண்ணும் குத்தின ஒரு தகர வில்லை கொடுக்கப்பட்டது. அவனுக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் கப்பலேறும்போதே கரையில் நின்றுவிட்டது. அவன் பட்ட கடனை எழுதி, அதோடு அவனையும் ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு மாற்றிவிடும் "துண்டு" முறை 1921 வரை சட்டப்படியே இருந்தது. ஆளுக்குப் பெயரில்லை, கடனுக்கு மாத்திரம் பெயருண்டு என்பதுதான் தோட்டக்காட்டு நீதி.

பிறகு என்ன ஆயிற்று? 1948ஆம் வருடத்து இலங்கைக் குடியுரிமைச் சட்டம், மூன்று தலைமுறை அங்கே உழைத்தவர்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக்கிற்று. 1964 அக்டோபர் 30ந் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரைக் கணக்குப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பாகம் பிரித்தார்கள். ஆட்டு மந்தையைப் பிரிக்கிறவன்கூடத் தாயையும் குட்டியையும் பார்த்துப் பிரிப்பான். அந்த வருடம் டிசம்பரில் புயல் தனுஷ்கோடியைத் தின்றுவிட்டது. ஆகையால் திரும்பி வந்தவர்களில் பலர் இராமேஸ்வரத்தில் இறங்கி, தங்கள் பாட்டன்மார் அடைபட்ட அதே மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து நீலகிரிக்கும் மற்ற ஜில்லாக்களுக்கும் சிதறிப் போனார்கள். போனபோது கூலி, திரும்பினபோது "சிலோன்காரன்". இரண்டு கரையிலும் மனிதன் என்று கூப்பிட ஆளில்லை.

தோழர்களே! இந்தப் பாட்டின் முதல் வரி எழுதப்படுவதற்கு நூறு வருடத்திற்கு முன்பே இந்தப் பாட்டு இப்படியெல்லாம் செய்யப்பட்டுக்கொண்டிருந்தது. இதற்கு விலை கொடுத்தவர்கள் இவர்கள்.

சாமி யார்?

"எஞ்சாமி" என்ற வார்த்தையையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். என் சாமி என்பதே பேச்சில் அப்படி ஆயிற்று. நமது கிராமங்களில் இந்த வார்த்தையைப் பண்ணையாள் இரண்டு இடங்களில் சொல்லுவான். மிராசுதாரன் எதிரே மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு "சாமி" என்பான். அது பயத்தினால் வருவது. குடிசைக்குத் திரும்பினால் அவன் வீட்டுக் கிழவி பேரக் குழந்தையைத் தூக்கி "என் சாமி" என்பாள். அது அன்பினால் வருவது. வேறொரு சாமி கோவிலில் இருக்கிறது. அதைப் பார்க்கவே அவளை விடவில்லை. இந்த மூன்று சாமிகளில் அவள் பாலூட்டி வளர்த்த சாமி எதுவோ அதுவே இந்தப் பாட்டின் சாமி. பயத்தின் வார்த்தையைப் பிடுங்கி அன்பின் வார்த்தையாக்கின இந்த ஒன்றுக்காகவே நாம் இதை மதிக்கிறோம்.

இதைச் செய்தவர் திடீரென்று முளைத்தவரல்ல. 2018 ஜனவரியில் சென்னையில் "தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்" என்ற குழு முதன்முதலாக மேடையேறிற்று. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து, கானா பாடுவோரையும் பறையடிப்போரையும் ராப் சொல்லுவோரையும் ஒன்றாக நிறுத்திய குழு அது. ஜாதியற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் சொன்னதிலிருந்து பிறந்தது அதன் பெயர். அறிவு அங்கே வளர்ந்தவர். 2019இல் ஆஃப்ரோ என்ற தோழரோடு சேர்ந்து "தெருக்குரல்" என்ற தொகுப்பையும் வெளியிட்டார். அவ்வளவுக்குப் பிறகு வந்ததுதான் எஞ்சாமி.

நடந்தது என்ன?

2021 ஆகஸ்டில் "ரோலிங் ஸ்டோன்" என்ற சங்கீதப் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு, எஞ்சாமியையும் "நீயே ஒளி" என்ற பாட்டையும் கொண்டாடி அட்டைப் படம் போட்டது. அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். இரண்டு பாட்டிலும் அறிவின் எழுத்து உண்டு. அட்டையில் அறிவு இல்லை. பா. இரஞ்சித் இதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். கண்டனம் எழுந்த பின்னர் அறிவின் படத்தோடு இணையத்தில் தனியாக ஓர் அட்டை வந்தது. பந்தியில் இடமில்லை என்று எழுப்பிவிட்டு, கொல்லையில் தனி இலை போடுகிற மரியாதையை நாம் பார்த்திருக்கிறோம். அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசமென்று பத்திரிகைக்காரர்கள்தான் சொல்லவேண்டும்.

2022 ஜூலை 28ந் தேதி சென்னையில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் தொடங்கிற்று. உலகத்தார் கூடியிருந்த அந்த மேடையில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் எஞ்சாமியைப் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. அப்போது அவர் அமெரிக்காவில் இருந்தார். சில நாளைக்குள் அறிவு ஓர் அறிக்கை விட்டார். பாட்டைக் கட்டினதும் எழுதினதும் பாடினதும் தானே என்றும், மெட்டையோ சொல்லையோ தனக்கு யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை என்றும், கூட்டு முயற்சி என்பதால் தன் முன்னோரின் வரலாறு இல்லையென்று ஆகிவிடாதென்றும் சொன்னார். சந்தோஷ் நாராயணன் மெட்டமைத்தது தாமென்றும், பாட்டின் உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமமென்றும் பதில் சொன்னார். தீயும், தான் எந்த இடத்திலும் அறிவின் பங்கைக் குறைத்துப் பேசியதில்லை என்று விளக்கினார்.

மெட்டைப் போட்டவர் யார் என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாம் உட்காரவில்லை. மூவரும் கலைஞர்கள், மூவருடைய உழைப்பும் அதில் இருக்கிறது. மாரியம்மாள் பாடினதிலும் நமக்கு ஆட்சேபணையில்லை. அப்படிப்பட்ட குரல்கள் இன்னும் நூறு மேடை ஏறவேண்டும். நாம் கேட்பதெல்லாம் ஒருவரும் மறுக்காத விஷயத்தைப் பற்றி மாத்திரமே. வார்த்தை அறிவுடையது என்பதை யாராவது மறுத்தார்களா? பாட்டில் கேட்கும் ஆண் குரல் அவருடையது என்பதை மறுத்தார்களா? வள்ளியம்மாளின் கதை அவர் குடும்பத்துக் கதை என்பதை மறுத்தார்களா? மறுக்காதபோது, பெயரும் படமும் போடவேண்டிய இடத்தில் அவை ஏன் மறந்துபோகின்றன? மறதி எப்போதும் ஒரே தெருப் பக்கமாகவே ஏன் போகிறது?

சமாதானங்களும் பதில்களும்

இதற்குச் சிலர் சொல்லும் சமாதானங்களைப் பார்ப்போம்.

"கலைக்கு ஜாதி கிடையாது, பாட்டு தெய்வீகமானது, அதில் என்னுடையது உன்னுடையது என்று பேசலாமா?" என்கிறார்கள். நல்லது. கர்நாடக சங்கீதத்தில் கீர்த்தனை செய்தவர்கள் கடைசி அடியில் தங்கள் முத்திரையை வைத்துப் போனார்கள். தியாகராஜர் தம் பெயரையே வைத்தார். முத்துசுவாமி தீட்சிதர் குருகுகன் என்று வைத்தார். இருநூறு வருடமாகியும் எந்தக் கச்சேரியிலும் அந்தப் பெயர் விழுவதில்லை. விழுந்தால் வித்துவானை மேடையைவிட்டு இறக்கிவிடுவார்கள். அது தெய்வீகத்துக்கு விரோதமில்லையாம். எஞ்சாமியிலும் முத்திரை இருக்கிறது; தான் வள்ளியம்மாளின் பேரன் என்று பாட்டுக்குள்ளேயே அறிவு சொல்லிவிடுகிறார். 2024இல் அவர் வெளியிட்ட தொகுப்புக்கும் "வள்ளியம்மா பேராண்டி" என்றே பெயர் வைத்தார். ஒரு சாராரின் முத்திரை சாஸ்திரம், மற்றொரு சாராரின் முத்திரை சண்டைக்காரத்தனம் என்றால், ஜாதியில்லாதது கலையா, இவர்கள் வாதமா?

"அவர் ஊரில் இல்லை, அதனால் மேடையில் இல்லை" என்பது இரண்டாவது சமாதானம். ஆள் ஊரில் இல்லாமலிருக்கலாம். பெயரும் கப்பலேறிப் போய்விடுமா? எழுதினவர் இன்னார் என்று மேடையில் சொல்ல ஒரு நிமிஷம் போதும். செத்துப் போனவர்களின் பெயரையெல்லாம் சொல்லி விழா நடத்துகிற நாட்டில், உயிரோடிருக்கிறவர் பெயரைச் சொல்ல அவர் நேரில் வரவேண்டுமென்பது வேடிக்கையல்லவா?

"தொழில் வழக்கம் அப்படி" என்பது மூன்றாவது. பாட்டின் முகப்பில் தீயின் பெயர் முன்னால்; பிறகு "ஃபீச்சரிங்" என்று போட்டு அறிவின் பெயர். அதாவது, உடன் பாடினவர். எழுதினவர் உடன் வந்தவராம்! கலியாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையை "உடன் வருபவர்" என்று யாராவது அச்சடிப்பதுண்டா? வழக்கம் என்று சொல்லிவிட்டால் கேள்வி நின்றுவிடுமென்றால், உலகத்தில் எந்த அக்கிரமமும் ஒழிந்திருக்காது.

சட்டமாவது வேறு விதமாகச் சொல்லுகிறதா என்றால், அதுவுமில்லை. 1957ஆம் வருடத்து இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவுப்படி, ஒருவன் தன் படைப்பின் பாத்தியதையை விற்றுவிட்ட பிறகும் "இது நான் செய்தது" என்று உரிமை கொண்டாடலாம். 2012இல் வந்த திருத்தத்தின்படி பாடினவருக்கும் தன்னைப் பாடினவர் என்று அடையாளம் காட்டும்படி கேட்க உரிமையுண்டு. பாட்டு எழுதினவரும் இசையமைத்தவரும் தமக்கு வரவேண்டிய ராயல்டிப் பங்கைக் கம்பெனிக்காரனுக்கு விட்டுக்கொடுத்ததாக எழுதிக்கொடுத்தாலும் அந்த எழுத்து செல்லாது. ஆகவே பெயர் போடுவது பிச்சையல்ல. பங்கு கொடுப்பது தர்மமுமல்ல. இரண்டும் கடன்.

பணம் போன இடம்

நிற்க, பணத்துக்கு வருவோம். 2024 மார்ச்சில், பாட்டு வெளிவந்து மூன்று வருடமானபோது, சந்தோஷ் நாராயணன் ஒரு விஷயத்தைப் பகிரங்கமாகச் சொன்னார். இத்தனை கோடி ஜனங்கள் கேட்ட இந்தப் பாட்டினால் தங்களுக்கு ஒரு காசும் வந்து சேரவில்லை என்றார். மாஜா கம்பெனியார் தங்கள் பக்கத்து விளக்கத்தை வெளியிட்டார்கள். யார் கணக்கு சரியென்பதைக் கணக்குப் புஸ்தகம் சொல்லட்டும். ஆனால் ஒன்று வெட்டவெளிச்சம். எழுதினவரும் மெட்டுப் போட்டவரும் பாடினவரும் பெயருக்காகத் தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருக்க, பணம் மூவர் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் நின்றுகொண்டிருந்தது. இது தோட்டக்காட்டுக் கதையேயன்றி வேறென்ன? அங்கேயும் கூலிகள் லயத்துக்குள் ஒருவரோடொருவர் சண்டை போட்டார்கள்; தேயிலை மாத்திரம் சத்தம் போடாமல் லண்டனுக்குப் போயிற்று.

அன்று ஆளின் பெயரை எடுத்துவிட்டுத் தகர வில்லையில் எண்ணைக் கொடுத்தார்கள். இன்று பாட்டின் பக்கத்திலும் ஓர் எண் ஓடுகிறது. 40 கோடி என்கிறது. எண்ணைப் பார்த்து நாம் கை தட்டுகிறோம். அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிற ஆள் என்ன பெற்றான் என்று கேட்கவில்லை.

இந்தக் கணக்கு அறிவோடும் நின்றுவிடக்கூடாது. இந்தப் பாட்டின் உயிர் ஒப்பாரியில் இருக்கிறது. ஒப்பாரி யாருடையது? செத்த வீட்டு வாசலில் மாரடித்துப் பாடும் பெண்களுடையது. பெரும்பாலும் சேரியிலிருந்து வருகிறவர்கள். அதே வீட்டில் புரோகிதன் ஒருவருக்கும் விளங்காத மந்திரத்தைச் சொல்லித் தட்சணையை முன்கூட்டியே வாங்கி மடியில் கட்டுகிறான். எல்லாருக்கும் விளங்கும்படி, செத்தவனின் வாழ்வையே பாட்டாகக் கட்டி அழுதவளுக்கு வெற்றிலையும் படி அரிசியும். அவள் கட்டின பாட்டு "நாட்டுப்புறப் பாட்டு, எல்லாருக்கும் பொது" என்று சொல்லப்படுகிறது; நமது பதிப்புரிமைச் சட்டத்தில் அவளுக்குத் தனிப் பாதுகாப்பு ஒன்றுமில்லை. பொது என்றால் எடுப்பதற்கு மாத்திரம் பொது, கொடுப்பதற்குப் பொதுவல்ல போலும்! சினிமாக்காரரானாலும் இண்டிக்காரரானாலும் நம் தோழர்களேயானாலும், யார் வாயிலிருந்து கேட்டார்களோ அவள் பெயரையும் ஊரையும் பாட்டோடு போடட்டும். அவளுக்கும் ஒரு பங்கை எழுதிவைக்கட்டும். ஏழை வாயிலிருந்து எடுத்தது புதையல் அல்ல. அது அவள் சொத்து.

இராமேஸ்வரம் கோவிலின் வெளிப் பிரகாரத்தில் 1212 தூண்கள் இருப்பதாக எண்ணிச் சொல்லுகிறார்கள். அதை 18ஆம் நூற்றாண்டில் முடித்த முத்துராமலிங்க சேதுபதியின் பெயரையும் சொல்லுகிறார்கள். கல்லை வெட்டினவன், சுமந்தவன், நிறுத்தினவன் பெயரை எங்கே தேடுவது? ஒரு தூணுக்கு ஒரு பெயர் வெட்டியிருந்தாலும் 1212 குடும்பத்துக்குச் சரித்திரம் மிஞ்சியிருக்கும். அந்தக் காலத்தில் எழுத்து அவர்கள் கையில் இல்லை. ஆகையால் பெயர் போயிற்று. இன்று எழுத்து நம் கையில் வந்துவிட்டது. வந்த பிறகும் பெயர் போகுமானால் குற்றம் பிறர் மேல் மாத்திரமல்ல, பார்த்துக்கொண்டிருக்கும் நம் மேலும்தான்.

ஆகவே நாம் சொல்லுவது இவ்வளவே. அரசாங்க மேடையில் பாடப்படும் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதினவர், இசையமைத்தவர் பெயரை வாய்விட்டுச் சொல்லவேண்டும். பாட்டுக் கம்பெனிகள் வருடா வருடம் கலைஞர்களுக்கு வரவு செலவுக் கணக்கை எழுத்து மூலமாகக் கொடுக்கவேண்டும். ஊரில் ஒப்பாரியும் கும்மியும் பதிவு செய்கிறவர்கள் பாடினவருக்குக் கூலியையும் பெயரையும் கொடுத்த பிறகே கருவியை மூடவேண்டும். வாலிபர்கள் ஒரு பாட்டுக்கு ஆடுமுன் அது யார் செய்தது என்று ஒரு தரம் கேட்கவேண்டும். இவற்றில் எதற்கும் புரட்சி வேண்டியதில்லை; கொஞ்சம் நாணயம் இருந்தால் போதும்.

கடலைத் தாண்டிப் போன கூலியின் பெயரைக் கரையிலேயே பறித்துக்கொண்டார்கள். அவன் பேரன் அதைப் பாட்டில் ஏற்றிக் கொண்டுவந்து நம் வாசலில் இறக்கியிருக்கிறான். அதை மறுபடியும் தொலைத்துவிட்டு, தாளம் மாத்திரம் போதுமென்று சொல்லுகிறவர்கள் கை தட்டட்டும். நாம் கணக்குக் கேட்போம்.